ஏரியில் எது வேகம்?

கேள்வி: வாரக் கடைசியில் ஏரியில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகை ஓட்டுகிறேன். விசைப்படகுகள் பக்கத்தில் சீறிக்கொண்டு போகும்போது ஈரக்குலை நடுங்குகிறது. சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கும் என் மைத்துனரோ, “வேகத்தில் ஒன்றுமில்லை, ஓட்டுகிறவன் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும்” என்கிறார். ஏரிக்கு வேக வரம்பு வேண்டுமா, வேண்டாமா?
— ஒரு வாசகி

பதில்: வேண்டும். மைத்துனர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கயாக்குக்கு வருவதற்கு முன் சில வருடம் நானும் விசைப்படகு ஓட்டியவன்தான். ஒரு சாயங்காலம், வெயில் நேர் எதிரே. வேகம் பிடிக்கும்போது படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். சில விநாடிகளுக்கு முன்னால் இருக்கும் தண்ணீரே தெரியாது. மூக்கு இறங்கியதும் பார்த்தால் எதிரே ஏதோ மினுக் மினுக்கென்று ஒளிர்ந்தது. பறவையா, மிதக்கிற குப்பையா என்று யோசித்து, துடுப்பு என்று புரிந்து, படகைத் திருப்பிய பிறகுதான் அதற்குக் கீழே ஒரு கருநீலக் கயாக்கும் அதில் ஓர் ஆளும் இருப்பது தெரிந்தது. அவ்வளவு நேரமும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

கயாக் தண்ணீருக்கு மேலே தெரிவதே ஒரு அடி உயரம்தான். மணிக்கு 72 கிலோமீட்டரில் வரும் படகு ஒரு விநாடியில் 20 மீட்டர் தாண்டும். 100 மீட்டர் தள்ளிக் கண்ணில் பட்டால் 5 விநாடி. அந்த 5 விநாடியில் நீங்கள் உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டாலும் பத்து மீட்டர் நகர்வதே பெரிய விஷயம். படகுக்கு பிரேக்கும் கிடையாது. ஆக, தப்பிப்பது உங்கள் கையில் இல்லை, விசைப்படகு ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. அவருக்கு நேரம் கொடுப்பதுதான் வேக வரம்பு.

72 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் வின்னிபசாக்கி என்ற பெரிய ஏரியில் 2009 முதல் பகல் வரம்பு 45 மைல், அதாவது அதே 72 கிலோமீட்டர். இரவில் 30 மைல். பெரிய சண்டைக்குப் பிறகு வந்த சட்டம் அது. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் 2005 முதல் 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்தான். நீர்ச்சறுக்குக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அந்த வேகத்தில் சறுக்க முடியாது என்பதால் அவர்களுக்கு அது வரம்பில்லை, தடை.

என்னைக் கேட்டால், ஏரி முழுவதற்குமான எண்ணைவிட முக்கியம் இடைவெளி. நியூ ஹாம்ஷயரிலேயே இன்னொரு விதி உண்டு: வேறு படகுக்கோ நீந்துகிறவருக்கோ 150 அடிக்குள் வந்துவிட்டால் ஊர்ந்துதான் போக வேண்டும். கயாக்காரரை நிஜமாகக் காப்பாற்றுவது இதுதான். ஆனால் 150 அடியா 200 அடியா என்று தண்ணீரில் யார் அளப்பது? வேகத்தை ரேடார் வைத்துப் பிடித்துவிடலாம். அதனால் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

மைத்துனரிடம் இதையும் சொல்லுங்கள். உங்களைப் பார்த்ததும் மரியாதைக்காக வேகத்தைப் பாதியாகக் குறைப்பவர்தான் பல நேரம் பெரிய அலையைக் கிளப்புகிறார். முழு வேகத்தில் படகு தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போகும்; பாதி வேகத்தில் பின்பக்கம் அமுங்கித் தண்ணீரை உழும். குறைத்தால் நடை வேகத்துக்குக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் நன்றாக ஒதுங்கிப் போய்விடலாம்.

அப்படியும் அலை வந்தால் கயாக்கின் பக்கவாட்டைக் காட்டாதீர்கள், மூக்கை அலைக்கு நேராகத் திருப்புங்கள். உயிர்காப்பு உடை ஆரஞ்சோ மஞ்சளோ இருக்கட்டும். துடுப்பு இலைகளில் பளிச்சென்ற டேப் ஒட்டுங்கள், தூரத்தில் முதலில் தெரிவது அதுதான். இருட்டும் நேரமென்றால் வெள்ளை டார்ச் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படித்தான் செய்தேன்.