கேஸ்மென்ட் துரோகியா?

அன்புள்ள ஐயா,

அயர்லாந்துக்காரரான ரோஜர் கேஸ்மென்ட் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஏறத்தாழ இருபது வருஷம் பிரிட்டிஷ் அரசுப் பணி, 'சர்' பட்டம், ஓய்வூதியம் என எல்லாம் பெற்றவர், முதல் உலகப் போரின்போது எதிரியான ஜெர்மனியோடு சேர்ந்தார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் இல்லையா இது?

ஆர்.எம்., கோவை

அன்புள்ள ஆர்.எம்.,

சட்டப்படி அது துரோகம்தான். 1351ஆம் ஆண்டு ராஜதுரோகச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்து, 1916 ஆகஸ்ட் 3 அன்று லண்டன் பென்டன்வில் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். நீங்கள் கேட்ட கேள்வியை அரசுத் தரப்பும் கேட்டது. 1911இல் பட்டத்துக்கு நன்றி சொல்லி அவர் எழுதிய கடிதத்தையே நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் அந்தப் பட்டம் எதற்காகக் கிடைத்தது என்று பாருங்கள். 1903இல் ஆப்பிரிக்காவின் காங்கோவில் அவர் பிரிட்டிஷ் கான்சல், அதாவது தூதரக அதிகாரி. அந்த நாடு அப்போது பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்தச் சொத்து போல இருந்தது. அதிகாரிகளின் படகில் போனால் அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க முடியும் என்பதால், அமெரிக்க மிஷனரிகளின் சிறு நீராவிப் படகை வாடகைக்கு எடுத்து ஆற்றில் மேலே போனார். ஆற்றங்கரையில் இருந்த லுகொலேலாவில் 1887இல் 5,000 பேர் இருந்தார்கள். அவர் போனபோது 600 பேர்கூட இல்லை. மற்றவர்கள் எங்கே போனார்கள்? ஊர் ஊராக இறங்கி, ஆட்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். கட்டாயமாகக் கொடுக்கவேண்டிய ரப்பர் குறைந்த ஊருக்குச் சிப்பாய்கள் வருவார்கள். தோட்டாவை வீணாக்கவில்லை என்று காட்ட, வெட்டிய கையைக் கொண்டுபோய்க் கணக்குக் கொடுப்பார்கள். 1904இல் அறிக்கை அச்சானபோது வெளியுறவு அலுவலகம் ஆள், ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டு வெறும் எழுத்துகளைப் போட்டது. அவர் கடுமையாக எதிர்த்தார். பெயரில்லாத சாட்சியத்தை யார் நம்புவார்கள்? அந்தக் கோபத்தில்தான் எனக்கு அவர் மீது மதிப்பு பிறந்தது.

1910இல் அமேசானின் புட்டுமாயோவுக்குப் போனார். அங்கே அட்டூழியம் செய்த ரப்பர் கம்பெனி லண்டனில் பதிவானது. அதன் கண்காணிகளில் பலர் பார்படோஸ்காரர்கள், அதாவது பிரிட்டிஷ் பிரஜைகள். அவர்களை விசாரிக்கும் உரிமை வைத்தே உள்ளே நுழைந்தார். சவுக்கடித் தழும்புகளை அங்கே 'அரானாவின் முத்திரை' என்றார்களாம். அரானா கம்பெனி முதலாளி.

நிலத்தையும் உழைப்பையும் பறிகொடுத்த மக்களை இப்படிப் பார்த்துப் பழகிய கண், சொந்த நாடான அயர்லாந்தின் மேல் விழாமல் இருக்குமா? காங்கோக் காட்டில்தான் தான் ஓர் அயர்லாந்துக்காரன் என்று கண்டுகொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1913இல் ஓய்வு பெற்றார், அப்புறம் முழுக்க அயர்லாந்து விடுதலை வேலைதான்.

எனக்கு உறுத்துவது வேறு. லியோபோல்டைப் பார்த்தவர், 1904இல் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெரேரோ மக்களைக் கொன்றுகுவித்த ஜெர்மனியை எப்படி நம்பினார்? அதை என்னால் ஏற்க முடியவில்லை. பலனும் இல்லை. ஜெர்மனியிடம் பிடிபட்டிருந்த ஐரிஷ் போர்க்கைதிகளிலிருந்து படை திரட்டப் போனவருக்குக் கிடைத்தது 50 பேர் அளவில்தான். ஜெர்மனி படை அனுப்பாது என்று தெரிந்ததும், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1916இல் திட்டமிட்ட எழுச்சியைத் தள்ளிப்போடச் சொல்லவே நீர்மூழ்கியில் அயர்லாந்தின் கெர்ரி கரைக்கு வந்தார். வந்த அன்றே பிடிபட்டார்.

தூக்கைத் தவிர்க்கக் கோரும் கருணை மனு வலுத்தபோது, அந்த ஆதரவைக் குலைக்க, தன்பாலுறவு பற்றிய அவர் நாட்குறிப்பின் பக்கங்களை அதிகாரிகள் ரகசியமாகச் சுற்றுக்கு விட்டார்கள். ஓர் அரசு செய்யக் கூசவேண்டிய காரியம் அது.

காங்கோ அறிக்கை இணையத்தில் முழுதாகவே கிடைக்கிறது. முடிந்தால் லுகொலேலா பகுதியை வாசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.