கருப்பட்டியில் ஜிஞ்சர்பிரெட் வருமா?

கேள்வி: அக்கா, கிறிஸ்துமஸுக்கு ஜிஞ்சர்பிரெட் குக்கி வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நான் பார்த்த அமெரிக்கக் குறிப்பில் அரை கப் மொலாசஸ், முக்கால் கப் பிரவுன் சுகர், ஒரு டீஸ்பூன் ஆல்ஸ்பைஸ் என்று போட்டிருக்கிறது. நாலு கடை ஏறி இறங்கியும் மொலாசஸ் இல்லை. என்ன செய்ய? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: நாகர்கோவிலில் இருந்துகொண்டு மொலாசஸுக்கு அலையலாமா? கருப்பட்டி இருக்கிறதே! மொலாசஸ் என்பது கரும்புச்சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்த பிறகு மிஞ்சும் கருப்புப் பாகுதான். நம் பக்கத்து ஆலைகளிலும் வண்டி வண்டியாக வருகிறது, ஆனால் பெரும்பகுதி சாராய ஆலைக்குப் போய்விடுவதால் மளிகைக் கடைக்கு வந்து சேர்வதில்லை.

150 கிராம் கருப்பட்டியைத் தட்டி, 4 டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கரைத்து, கண்டிப்பாக வடிகட்டுங்கள் (மண் இருக்கும், பல்லில் கடிபட்டால் பிள்ளைகள் அப்புறம் தொடவே மாட்டார்கள்). திரும்ப அடுப்பில் வைத்து, கரண்டியிலிருந்து தேன் மாதிரி ஒழுகும்போது இறக்கிவிடுங்கள். கிட்டத்தட்ட அரை கப் வரும். கம்பிப் பதம் வரை போகவே கூடாது. ஒரு வருஷம் நான் போன் பேசிக்கொண்டே விட்டுவிட்டேன், மனித உருவில் வெட்டிய அந்த ஜிஞ்சர்பிரெட் குக்கியின் காலை உடைக்க அம்மிக்குழவி தேவைப்பட்டது.

இத்தோடு வேலை முடியவில்லை. குறிப்பில் சமையல் சோடா சொல்லியிருப்பார்கள், அது பொங்க ஒரு புளிப்பு வேண்டும், அந்தப் புளிப்பை அங்கே மொலாசஸ் கொடுக்கிறது. பதநீர் புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குகிறார்கள், அதனால் கருப்பட்டியில் அந்த அளவு புளிப்பை எதிர்பார்க்க முடியாது. ஆறிய பாகில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் சரியாகிவிடும். மொலாசஸின் லேசான கசப்புக்கு ஒரு ஸ்பூன் கெட்டி காபி டிகாக்ஷன். கருப்பட்டிக்கு இனிப்பு அதிகம், எனவே பிரவுன் சுகரில் 2 டேபிள்ஸ்பூன் குறையுங்கள். அந்த பிரவுன் சுகரும் வெள்ளைச் சர்க்கரையில் மொலாசஸ் கலந்ததுதான், நாட்டுச் சர்க்கரையைச் சலித்துப் போட்டால் போதும்.

ஆல்ஸ்பைஸைப் பெயரைப் பார்த்துக் கரம் மசாலா என்று நினைத்துவிடாதீர்கள்! அது ஜமைக்கா பக்கத்து மரம் ஒன்றின் காய். ஒரு டீஸ்பூனுக்குப் பதில் அரை டீஸ்பூன் பட்டைத்தூள், கால் கிராம்புத்தூள், கால் ஜாதிக்காய்த்தூள். குறிப்பில் கிரவுண்ட் ஜிஞ்சர் என்று இருப்பது சுக்குத்தூள், பச்சை இஞ்சியை அரைத்து ஊற்ற வேண்டாம்.

கேள்வி: வெண்ணெய் தீர்ந்துபோனதால் அதே அளவு நெய் போட்டேன். ஓவனுக்குள் குக்கி அப்பளம் மாதிரிப் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நெய் ஆகாதா? (வாசகி, சென்னை)

பதில்: தாராளமாக ஆகும், அளவுதான் தப்பு. வெண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 80 சதவீதம், மிச்சத்தில் பெரும்பாலும் தண்ணீர். நெய்யோ முழுக்கக் கொழுப்பு. 100 கிராம் வெண்ணெய் என்றால் 80 கிராம் நெய், கூட ஒரு டேபிள்ஸ்பூன் பால். நெய் உருகி ஓடாமல் மணல் மணலாக உறைந்திருக்க வேண்டும். சென்னை டிசம்பரில் அது தானாக உறையாது, ஃப்ரிட்ஜில் வையுங்கள், குக்கியை வெட்டித் தட்டில் அடுக்கிய பிறகும் அரை மணி நேரம் உள்ளே இருக்கட்டும். இன்னொன்று, அமெரிக்கக் குறிப்பின் 350 டிகிரி ஃபாரன்ஹீட் கணக்கு, நம் ஓடிஜியில் (மின்சார ஓவன்) 175 டிகிரி செல்சியஸ்தான்.

கேள்வி: மாமியார் வீட்டுக்குள் முட்டை வரக்கூடாது. ஆளிவிதை, தயிர், வாழைப்பழம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது? (வாசகி, மதுரை)

பதில்: ஒரு முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப்பொடி, 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர், பத்து நிமிஷம் ஊறவிட்டால் கொழகொழவென்று வரும், மாவு பிரியாமல் பிடித்துக்கொள்ளும். தயிர் போட்டால் குக்கி கேக் மாதிரி மெத்தென்று ஆகிவிடும், வாழைப்பழம் போட்டால் வாழைப்பழ வாசம்தான் வரும், வேறு எதுவும் வராது. ஆனால் முட்டையே கேட்காத குக்கி இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு? ஸ்காட்லாந்துக்காரர்களின் ஷார்ட்பிரெட் பண்ணுங்கள். சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மைதா 300, அவ்வளவுதான். மைதாவில் 50 கிராமை எடுத்துவிட்டு அரிசிமாவு சேர்த்தால் கரகரவென்று இருக்கும், இது என் கண்டுபிடிப்பு இல்லை, அவர்களே செய்வதுதான். அரை அங்குல கனத்தில் தட்டி, முள்கரண்டியால் குத்தி, 160 டிகிரியில் ஓரம் லேசாகப் பொன்னிறமாகும் வரை வையுங்கள். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் இறுகும். உப்பு வெண்ணெய்தான் கிடைத்தது என்றால் தனியாக உப்பு போடவேண்டாம்.

கேள்வி: ஸ்னிக்கர்டூடுல் குக்கிக்கு 2 டீஸ்பூன் க்ரீம் ஆஃப் டார்ட்டர் (ஒரு புளிப்புப் பொடி), 1 டீஸ்பூன் சமையல் சோடா கேட்கிறார்கள். முதலாவது கிடைக்கவில்லை. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இரண்டையும் விட்டுவிட்டு 3 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுங்கள். உப்பி வரும், அந்த லேசான புளிப்பு மட்டும் குறையும். மேலே புரட்டும் பட்டைத்தூள் சர்க்கரையில் எலுமிச்சைத் தோலைத் துருவிக் கலந்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது.