எடைக் குறைப்பு ஊசியும் ஊர்ப்பேச்சும்: நீரிழிவு மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி (மதுரை): டாக்டர், டிர்செபடைட் ஊசி போட்டுக்கொள்கிறேன். மாமியார் கண்ணில் படாமல் இருக்க, ஊசிப் பேனாவை ஃபிரிட்ஜில் கீரைக்கட்டுக்கு அடியில் வைக்கிறேன். கேட்பவர்களிடம் சிறுதானியத்தால் இளைத்ததாகச் சொல்கிறேன். இது தவறா?

பதில்: தவறில்லை அம்மா. இன்சுலின் போட ஆரம்பித்தாலே 'நோய் முற்றிவிட்டது' என்று பேசும் வீடுகளில், எடைக்கு ஊசி என்றால் 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்ற பட்டமும் சேர்ந்துவிடுகிறது. உறவினர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை. மருத்துவர்களிடம் மட்டும் ஒருபோதும் மறைக்காதீர்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): நான் நடைப்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் 18 கிலோ குறைத்தேன். ஊசி போடுவது குறுக்குவழிதானே?

பதில்: உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பசி எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. உணவைக் குறைத்து எடை இழந்தவர்களின் உடலில், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் ஓராண்டு கழித்தும் உயர்ந்தே இருந்ததை 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. செமாகுளுட்டைட் என்ற எடைக் குறைப்பு ஊசி மருந்து பற்றி 2021-இல் வெளியான ஆய்வில் இரு தரப்பினருக்கும் ஒரே உணவு, உடற்பயிற்சி ஆலோசனைதான் வழங்கப்பட்டது; 68 வாரங்களில் மருந்து பெற்றவர்கள் சராசரியாக 15 சதவீத எடையும், மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்கள் 2.4 சதவீத எடையும் இழந்தார்கள். அந்த இரண்டாம் தரப்பினர் அனைவரையும் சோம்பேறிகள் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

கேள்வி (திருச்சி): கோவை நண்பர் சொல்வதே சரி. நிறுத்தினால் எடை திரும்புகிறதே, இதெல்லாம் ஒரு வைத்தியமா?

பதில்: திரும்புவது உண்மை. மேலே சொன்ன செமாகுளுட்டைட் ஆய்வில் பங்கேற்றவர்களுள் ஒரு பகுதியினரை மருந்தை நிறுத்தியபின் தொடர்ந்து கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினாலும் அழுத்தம் ஏறுகிறது. அதனால் அந்த மாத்திரையை யாரும் பழிப்பதில்லை. இதய நோயும் அதிக எடையும் உள்ள, நீரிழிவு இல்லாத 17,604 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், செமாகுளுட்டைட் பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஏளனம் செய்பவர்கள், ஒருவருடைய சிகிச்சைக்கே குறுக்கே நிற்கிறார்கள் என்பேன்.

கேள்வி (சென்னை): வாயைக் கட்டினால் போதாதா டாக்டர்?

பதில்: மேலே இருமுறை விளக்கிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி (வேலூர்): நாளை எனக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை. மனைவி அருகில் இருந்ததால் ஊசியைப் பற்றி மருத்துவமனையில் சொல்லவில்லை.

பதில்: இப்போதே தொலைபேசியில் அழைத்து, மயக்க மருந்து நிபுணரிடம் கடைசியாக ஊசி போட்ட நாளைச் சொல்லுங்கள். இம்மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், பட்டினி இருந்தவருக்கும் உள்ளே உணவு தங்கியிருக்கக்கூடும். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் மருத்துவர் மறுக்க மாட்டார்.

கேள்வி (தஞ்சாவூர்): விரைவில் எனக்குத் திருமணம். செமாகுளுட்டைட் போடுவதை மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா? மருந்துச் சீட்டில்லாமல் எங்கே கிடைக்கும்?

பதில்: சீட்டில்லாமல் வாங்கவே கூடாது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லத் தேவையில்லை, மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே இந்த மருந்தை நிறுத்த வேண்டும் என்பதால், எப்போது நிறுத்துவது என்பது நீங்கள் இருவரும் மருத்துவரோடு அமர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.