துப்பாக்கி அவள் கையில், அனுமதி அவன் வாயில்

கேள்வி: எனக்கு 22 வயது, கொக்குவில். லாப்டாப்பில் எமுலேட்டர் (வேறு கருவிகளின் கேம்களை ஓட வைக்கும் மென்பொருள்) போட்டு 'மெட்ராய்ட்: அதர் எம்' விளையாடிக்கொண்டிருந்தேன். பின்னால் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "இவ்வளவு பெரிய வீராங்கனை, ஒவ்வொன்றுக்கும் அந்த ஆளிட்டக் கேட்டுத்தான் செய்வாவோ? பொம்பிளையை மட்டம் தட்டுற கேம் இது" என்று சொன்னா. கதாநாயகி சாமுஸின் இறுக்கமான உடுப்பையும் குறை சொன்னா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதாநாயகியே பெண், எல்லாரையும் அடித்து வீழ்த்துவதும் அவள்தான், இதில் எங்கே மட்டம் தட்டுகிறார்கள்? அக்கா ஒரு கேமும் விளையாடியதில்லை. ஜீன்ஸ் போடுவதற்காக அம்மாவோடு சண்டை பிடிக்கிறவ கேமில் வரும் உடுப்பைக் குறை சொல்லலாமா? ஆம்பிளைப் பாத்திரங்களும்தானே சட்டை இல்லாமல் வருகின்றன? "உங்களுக்கு என்ன தெரியும்" என்று கத்திவிட்டேன். இப்போது ஒரே வீட்டில் கதைக்காமல் இருக்கிறோம். யார் சரி?

பதில்: தம்பி, அக்கா பிடித்த இடம் சரியான இடம். அவ முதலில் சொன்னது உடுப்பைப் பற்றி இல்லை, அனுமதி கேட்பதைப் பற்றி. நீங்களோ அதற்குப் பதில் சொல்லாமல் ஜீன்ஸ் பக்கம் போய்விட்டீர்கள். அந்த அனுமதியிலேயே நாங்களும் தொடங்குவோம், உடுப்பு பிறகு வரட்டும்.

கேம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். சாமுஸ் ஆரன் முதல் வந்தது 1986இல், நின்டெண்டோ என்ற ஜப்பான் கம்பனியின் முதல் மெட்ராய்ட் கேமில். உச்சி முதல் பாதம் வரை கவசம், தனி ஆளாக ஒரு கிரகத்துக்குள் இறங்கிச் சண்டை பிடித்து வெளியே வரும் ஒரு வேட்டைக்காரி. அவள் பெண் என்பது கேமின் கடைசியில்தான் தெரியவரும், ஆங்கிலக் கையேடு கூட அவளை ஆண் என்றே எழுதியிருந்தது, அதனால் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆச்சரியம். ஆனால் அதே கேமை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டால், கவசத்தைக் கழற்றி இரண்டு துண்டு உடுப்போடு நின்று கை காட்டுவாள். கெதியாக முடித்தவனுக்கு அது பரிசு. மதிப்பும் இந்தப் பரிசும் முதல் நாளிலேயே ஒன்றாக வந்தவை, அதை நேர்மையாகச் சொல்லித்தான் மேலே போக வேண்டும்.

இனி அதர் எம். 2010இல் வீ என்ற கேம் கருவிக்கு வந்தது, நின்டெண்டோவும் டீம் நிஞ்சா என்ற கேம் குழுவும் சேர்ந்து செய்தது, கதை யோஷியோ சகமோட்டோவுடையது. வழக்கமாக இந்தத் தொடரில் சாமுஸின் சக்திகள் ஏதோ ஒரு காரணத்தால் தொலைந்துபோகும், அவள் ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பாள், அந்தத் தேடல்தான் கேமின் உயிர். இதில் அப்படி இல்லை. பெரும்பாலான ஆயுதங்கள் அவளிடம் ஏற்கனவே இருக்கின்றன, ஆனால் முன்னாள் தளபதி ஆடம் மால்கோவிச் அனுமதி தரும் வரை பயன்படுத்த மாட்டாள். பவர் பாம் என்ற பெரிய குண்டுக்குக் கட்டுப்பாடு போட்டது நியாயம், கதை நடக்கும் விண்கலத்துக்குள் உயிரோடு இருப்பவர்களும் செத்துப்போவார்கள். அதை ஒருவரும் குறை சொல்லத் தேவையில்லை. ஆனால் வாரியா சூட்? அது ஆயுதம் இல்லை, வெப்பத்திலிருந்து அவளை மட்டும் காப்பாற்றுகிற கவசம், அதைப் போட்டால் வேறு யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்லை. நெருப்புப் பகுதிக்குள் உயிர் சொட்டுச் சொட்டாகக் குறைய, அவள் ஓடிக்கொண்டே இருக்கிறாள், ஆடம் சரி என்று சொன்ன பிறகுதான் அந்தக் கவசம் வேலை செய்கிறது.

அந்த இடத்தை நீங்கள் விளையாடியிருப்பீர்கள். அப்போது உங்களுக்கே எரிச்சல் வரவில்லையா? எனக்கு வந்தது. படத்தில் இப்படி ஒரு காட்சி வந்தால் பார்த்துவிட்டுப் போகலாம், கேமில் அது எங்கள் விரலுக்குள் வருகிறது, அந்தப் பொத்தானை அமத்தினாலும் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் ஆடம் இன்னும் சொல்லவில்லை. கீழ்ப்படிவை ஒரு விதியாகவே எழுதி விளையாடுபவனிடம் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் "எல்லாரையும் அடிக்கிறாளே" என்ற உங்கள் வாதம் எடுபடவில்லை. எங்கள் சினிமாவிலும் பொலிஸ் அதிகாரியாக வரும் கதாநாயகி முதல் காட்சியில் பத்துப் பேரை அடிப்பாள், இடைவேளைக்குப் பிறகு நாயகன் சொல்லும் இடத்தில் நிற்பாள். எத்தனை பேரை அடிக்கிறாள் என்பதைவிட, அடிப்பதா விடுவதா என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

கடைசிக்குக் கிட்ட ஒரு காட்சி இருக்கிறது, நீங்கள் இன்னும் அங்கே போகாவிட்டால் மன்னிக்கவும், சொல்லாமல் விட முடியவில்லை. ஆபத்தான ஒரு பகுதிக்குள் அவள் போகப் பார்க்கும்போது ஆடம் அவளைப் பின்னாலிருந்து சுட்டு விழுத்துகிறான், கவசம் கலைந்து அவள் நிலத்தில் கிடக்க, அவளுக்குப் பதிலாகத் தான் சாகப் போகிறான். அது அன்பு, தியாகம் என்று கேம் சொல்கிறது. சேர்ந்து சண்டை பிடிக்க வந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதுகில் சுட்டதை நான் அன்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். "உன்ர நன்மைக்குத்தான்" என்று சொல்லிப் படிப்பையும் வேலையையும் கலியாணத்தையும் முடிவு செய்யும் வீடுகளை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறோம், உங்கள் அக்காவுக்கும் அந்தக் குரல் பழக்கமாக இருந்திருக்கும். உடனே அவ அதை இனங்கண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் இந்தக் கேமைத் திட்டுகிறவர்கள் அதிகம் பிடித்துத் தொங்கும் ஒரு காட்சியில் நான் அவர்களோடு முழுவதும் போக மாட்டேன். ரிட்லி என்ற மிருகம் எதிரே வந்ததும் சாமுஸ் உறைந்து நிற்கிறாள், திரையில் அவள் ஒரு சின்னப் பிள்ளையாகத் தெரிகிறாள். முன்னைய கேம்களில் ரிட்லியைத் தோற்கடித்தவள் இப்போது நடுங்குவதா, பெண் என்பதால் இப்படி எழுதினார்களா என்று கேட்டார்கள். தம்பி, நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். பங்கருக்குள் பிள்ளைகளை அணைத்துக் காப்பாற்றி, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, தனி ஆளாகக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள், இன்றைக்கும் ஒரு ஹெலி தாழப் பறந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நிற்பார்கள். அவர்களைப் பலவீனம் என்று யார் சொல்வது? பத்துத் தரம் தாங்கியவர் பதினோராவது தரம் உறையலாம். ரிட்லியின் தாக்குதலில்தான் சாமுஸின் தாய் தகப்பன் செத்தார்கள், ஜப்பானில் வந்த மங்கா (சித்திரக்கதை) அதை விரிவாகச் சொல்கிறது. பிழை, அவளைப் பயப்பட வைத்ததில் இல்லை. அந்தப் பின்கதையை விளையாடுபவனுக்கு ஒழுங்காகச் சொல்லாமல் பயத்தை மட்டும் காட்டியதிலும், அவளைத் தாங்கிப் பிடிக்க அந்தோணி என்ற ஆண் சிப்பாய் வர வேண்டியிருந்ததிலும்தான் பிழை.

இதே மாதிரி, குறை சொன்னவர்கள் பாதி சரியாகவும் பாதி அவசரப்பட்டும் போன இன்னொரு இடம் டூம் ரெய்டர் கேம். 2013இல் அதன் கதாநாயகி லாரா குரோஃப்டை இளம் பெண்ணாக, பயந்து காயப்பட்டு மெல்ல எழும்புபவளாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எழுத்துக்குத் தலைமை தாங்கியது ரியானா பிராச்செட், ஒரு பெண். கேம் வெளிவருவதற்கு முதல் வருடமே, விளையாடுபவர்களுக்கு அவளைப் பாதுகாக்க வேண்டும் போல இருக்கும் என்று தயாரிப்பாளர் ஒருவர் பேட்டியில் சொல்லப்போய்ப் பெரிய சண்டை வந்தது. அந்தப் பேச்சுக்கு விழுந்த அடி நியாயமானது, அவர் லாராவாக விளையாடுவதைப் பற்றி யோசிக்கவில்லை, பக்கத்தில் நின்று காவல் காப்பதைப் பற்றி யோசித்திருக்கிறார். ஆனால் கேம் கைக்கு வந்தபோது பயந்தாலும் அடுத்த அடியை எடுத்து வைப்பது லாராவேதான், ஒருவரும் அவளுக்கு அனுமதி எழுதிக் கொடுக்கவில்லை. விளையாடிப் பார்க்காமலே முழுக் கேமையும் ஒதுக்கியவர்கள் அவளுக்கு அநியாயம் செய்தார்கள்.

சரி, உடுப்பு. அம்மா அக்காவின் ஜீன்ஸைப் பற்றிச் சொல்வதையும் அக்கா சாமுஸின் உடுப்பைப் பற்றிச் சொல்வதையும் ஒரே தராசில் வைத்திருக்கிறீர்கள். அம்மாவின் கவலை சனம் என்ன சொல்லும் என்பது. அக்கா கேட்பது, இந்த உடுப்பு யாருடைய கண்ணுக்காக, ஏன் என்பது. ஜீன்ஸை அக்கா தானே போய் எடுத்து, தன் வசதிக்குத்தான் போடுகிறா. சாமுஸ் ஒரு கடைக்கும் போகவில்லை, அவளுக்கு உடுப்புப் போட்டது அவளை வரைந்த ஆட்கள், அந்த ஆட்களைக் கேள்வி கேட்க அக்காவுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஒன்று, உடல் தெரிகிறது என்பதோடு குறை நின்றுவிட்டால் அது மெல்ல மெல்ல அம்மாவின் பேச்சாக மாறிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அக்காவும் அதைக் கவனிக்கலாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், எனக்கு இதைவிடத் தெளிவான ஒன்று கிடைக்கவில்லை. 'மெட்டல் கியர் சொலிட் 5' 2015இல் வந்தது. அதில் குவையட் என்ற பெண் சினைப்பர் கிட்டத்தட்ட நீச்சலுடையில் போர்க்களத்துக்கு வருவாள். கேம் வருவதற்கு இரண்டு வருடம் முன்னமே ஆட்கள் குறை சொன்னபோது, உண்மையான காரணம் தெரிந்தால் உங்கள் பேச்சுக்கு நீங்களே வெட்கப்படுவீர்கள் என்று இயக்குநர் ஹிடியோ கொஜிமா எழுதினார். காரணம் என்னவென்றால், அவள் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளால் அவள் தோலால்தான் மூச்சு விடுகிறாள், தோலை மூடினால் செத்துப்போவாள். கேட்கச் சரி போலத்தான் இருக்கிறது. ஆனால் அதே கொஜிமாவின் 2004ஆம் ஆண்டு மெட்டல் கியரில் த எண்ட் என்று ஒரு கிழவர், அவரும் சினைப்பர், அவருக்குள்ளும் அதே வகை ஒட்டுண்ணி, அவர் முழு உடுப்போடுதான் காட்டுக்குள் இருக்கிறார். கிழவருக்குத் தேவைப்படாத வெறும் தோல் இளம் பெண்ணுக்கு மட்டும் தேவைப்பட்டது ஏன்? இப்படிக் கேட்பது கேமை அவமதிப்பது இல்லை, கேமைக் கவனமாகப் பார்த்தவரால்தான் இதைக் கேட்க முடியும்.

உடுப்பே இல்லாமல் கமெராவாலும் இதைச் செய்யலாம். 2010இல் வந்த மாஸ் எஃபெக்ட் 2 கேமில் மிராண்டா என்ற பெண் தன் தங்கச்சியைப் பற்றி மனம் விட்டுக் கதைக்கும்போது கமெரா அவளுடைய பின்பக்கத்தில் போய் நிற்கும். குறை சொல்லிச் சொல்லி, 2021இல் வந்த புதுப்பித்த பதிப்பில் அதைச் செய்த ஆட்களே சில கோணங்களை மாற்றினார்கள். கதையில் ஒன்றும் குறையவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க முடிந்தது, அவ்வளவுதான்.

'காட் ஒஃப் வோர்' கேமின் நாயகன் கிரேட்டோஸ் மாதிரி ஆண்கள் சட்டை இல்லாமல் வருவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது விளையாடும் ஆண் தானும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் உடம்பு. கிரேட்டோஸ் சோகமாகக் கதைக்கும்போது கமெரா அவருடைய பின்பக்கத்தில் போய் நின்றதில்லை.

அக்கா விளையாடியதில்லை என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அவ பார்த்தது உங்கள் திரையைத்தான், சொன்னது அந்தக் காட்சியைப் பற்றித்தான். அதோடு, பெண்கள் ஏன் விளையாட வருவதில்லை என்றும் யோசியுங்கள். பப்ஜியிலும் ஃப்ரீ ஃபயரிலும் மைக்கை ஓன் பண்ணினவுடன் "பெட்டையோ? எந்த ஊர்? நம்பர் தாவன்" என்று தொடங்குகிறார்கள், அதனால் மைக்கை மூடிவிட்டு ஆண் பெயரில் விளையாடுகிறேன் என்று எனக்கு எழுதிய தங்கச்சிமார் இருக்கிறார்கள். வெளிநாட்டில் நிலைமை இன்னும் மோசமாகப் போனது. கேம்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று வீடியோத் தொடர் செய்த அனிட்டா சர்கீசியன் 2014 ஒக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்தார், பேச்சு நடந்தால் துப்பாக்கிச்சூடு நடக்கும் என்று மிரட்டல் வந்து, அவர் பேச்சையே இரத்துச் செய்தார். அவர் சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு பெண் கேமைப் பற்றி வாய் திறந்ததற்கு உயிர் மிரட்டல் என்றால், பெண்களுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்கும் தகுதி எங்களுக்கு எங்கே இருக்கிறது? உங்கள் கத்தலும் அந்த மிரட்டலும் ஒன்றல்ல, தெரியும். என்றாலும் "உங்களுக்கு என்ன தெரியும்" என்ற அந்த வார்த்தையை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

கேமை விடச் சொல்லவில்லை. மெட்ராய்டில் எனக்கும் பிரியம் இருக்கிறது. அதே சகமோட்டோ தயாரிப்பாளராக இருந்து 2021இல் வந்த மெட்ராய்ட் ட்ரெட்டில், சங்கிலியில் கட்டிய ராட்சதன் முகத்துக்கு நேரே கத்தும்போது சாமுஸ் ஒரு அடி பின்வாங்காமல் தன் துப்பாக்கியின் பீமைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு நிற்பாள், அதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம். இந்த சாமுஸ் இருந்தாள் என்று தெரிந்ததால்தான் அதர் எம் பலருக்கு வலித்தது.

இன்றைக்கே அக்காவிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள், சுத்தி வளைக்காமல் நேராகக் கேளுங்கள். பிறகு விளையாட விருப்பமா என்று கேளுங்கள். விருப்பம் என்றால் அதர் எம் வேண்டாம், 1994இல் வந்த சூப்பர் மெட்ராய்டைப் போட்டுக் கொடுங்கள், உங்கள் எமுலேட்டர் பழக்கத்துக்கு அது பெரிய வேலையில்லை. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் வழி தெரியாமல் சுத்துவா, ஒரே கதவுக்குத் திரும்பத் திரும்ப வருவா. பக்கத்தில் இருங்கள், ஆனால் அவ கேட்கும் வரை வழி சொல்லாதீர்கள், கண்ட்ரோலரைப் பறிக்கவும் வேண்டாம்.