பழைய காரும் நான்காயிரம் வெள்ளியும்

2025 அக்டோபர் 10-ஆம் தேதி மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராகிம் தாக்கல் செய்த 2026 வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சிறிய அறிவிப்பு இருந்தது. 20 ஆண்டுகளைத் தாண்டிய காரை அழிக்கக் கொடுத்துவிட்டுப் புதிய தேசியக் கார் வாங்குபவருக்கு 4,000 வெள்ளி (ரிங்கிட்) வரை உதவி கிடைக்கும். தேசியக் கார் என்றால் புரோட்டோன் அல்லது பெரோடுவா. அரசு ஒதுக்கியிருப்பது 1 கோடி வெள்ளி. அரசு ஒரு பங்கு போட்டால் கார் நிறுவனமும் தன் பங்குக்குப் போட வேண்டும். அன்றிலிருந்து பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்து இந்தக் கேள்வி பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். காரணம் தெரிந்ததே. தோட்டத்துச் சாலைகளில் இன்றைக்கும் வீரா, இஸ்வாரா, காஞ்சில் போன்ற பழைய தேசியக் கார்கள்தான் அதிகம் ஓடுகின்றன.

கேள்வி: என் கணவர் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய 1996 புரோட்டோன் வீரா 1.5 இன்னும் ஓடுகிறது. சந்தைக்கும் கோவிலுக்கும்தான் எடுப்போம். அவ்வப்போது ஈப்போ மருத்துவமனைக்குப் போவோம். மகன், “நாலாயிரம் சும்மா கிடைக்கிறது, புரோட்டோன் சாகா எடுத்துவிடலாம்” என்கிறான். தவணையை அவன் கட்டுவதாகச் சொல்கிறான். அவன் சம்பளம் 1,700 வெள்ளி. எடுக்கலாமா?
— இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, நாலாயிரம் சும்மா கிடைக்கவில்லை. உங்கள் வீராவை வாங்கிக்கொண்டு யாரும் கையில் பணம் எண்ணித் தரப்போவதில்லை. புதிய காரின் விலையில் அந்தத் தொகையைக் கழிப்பார்கள், அவ்வளவுதான். புதிய கார் எடுக்காதவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரு காசும் கிடையாது.

மகனை உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். சாகாவின் ஆரம்ப ரகம் ஏறக்குறைய 39,000 வெள்ளி. பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, மீதியை 9 ஆண்டுக் கடனாக எடுக்கிறீர்கள் என்றும், ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலை வட்டி என்றும் வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 413 வெள்ளி வரும். இப்போது நாலாயிரத்தைக் கழித்து 35,000-க்குக் கணக்குப் பாருங்கள். தவணை சுமார் 370. முன்பணத்திலும் 400 வெள்ளி மிச்சம். ஆக, இந்த உதவி உங்கள் குடும்பத்துக்குச் செய்வது மாதம் 40 வெள்ளிச் சொச்சம். மற்ற 370-ஐ 108 மாதங்களுக்கு மகன்தான் கட்ட வேண்டும்.

1,700 வெள்ளிச் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்குச் சந்தாவும் போனால் கைக்கு வருவது 1,500 அளவில் இருக்கும். அதில் நாலில் ஒரு பங்கு காருக்கு. பிறகு முழுக் காப்புறுதி, உத்தரவாதம் கெடாமல் இருக்க நேரத்துக்குச் செய்ய வேண்டிய சர்வீஸ், பெட்ரோல். இடையில் அவனுக்குத் திருமணம் வந்தால் என்ன செய்வான்? ஒன்பது ஆண்டு என்பது நீண்ட காலம்.

வீராவுக்கு ஆகும் செலவையும் நேர்மையாகக் கூட்ட வேண்டும். 1.5 லிட்டர் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 90 வெள்ளி. சாகா எடுத்தாலும் அதில் பெரிய மிச்சமில்லை. நீங்கள் ஓட்டும் தூரத்துக்குப் பெட்ரோலிலும் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது. செப்டம்பர் 2025 இறுதியில் தொடங்கிய பூடி95 பெட்ரோல் சலுகையில் லிட்டர் 1.99 வெள்ளிக்கு ஊற்றும்போது, சந்தைக்குப் போய் வரும் கார் எவ்வளவுதான் குடித்துவிடும்? பழுது பார்ப்பதிலும் வீராவுக்கு ஒரு வசதி உண்டு. எந்தப் பட்டறைக்குப் போனாலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், பழைய உதிரிப்பாகமும் மலிவு. பவர் விண்டோ மட்டும் யாராலும் நிரந்தரமாகச் சரிசெய்ய முடியாத சங்கதி. டோல் சாவடியில் கண்ணாடி இறங்காமல் கதவைத் திறந்து அட்டையை நீட்டுபவரைப் பார்த்தால் பெரும்பாலும் அது புரோட்டோனாகத்தான் இருக்கும்.

என் யோசனை இது. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காரைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தரைத் தகடும் சட்டமும் துருப்பிடித்துப் பொத்தலாகியிருந்தால், பிரேக் குழாய்கள் அரித்திருந்தால், அந்தக் காரில் உங்களை ஈப்போ வரை அழைத்துப் போகக்கூடாது. அப்போது புதிய கார் வாங்குவது நியாயம், நாலாயிரத்தை விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் எண்ணெய்க் கசிவும் தேய்ந்த புஷ்ஷும்தான் என்றால் செய்து ஓட்டுங்கள். மகனுக்குக் கார் ஆசை என்றால் அது தனிக் கணக்கு, அதை உங்கள் வீராவின் தலையில் கட்ட வேண்டாம்.

கேள்வி: பழைய காரைக் கொடுத்தால் மொத்தம் 7,000 வெள்ளி கழிவு தருவதாக விற்பனையாளர் சொல்கிறார். அரசு சொன்னது நாலாயிரம்தானே? நம்பலாமா?
— லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, மிச்ச மூவாயிரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களா? பெரும்பாலும் அது பழைய கார் இல்லாதவருக்கும் கிடைக்கும் வழக்கமான கழிவாகத்தான் இருக்கும். போன ஆண்டுத் தயாரிப்பை விற்றுத் தீர்க்கவோ, ஆண்டுக் கடைசியில் விற்பனை இலக்கை எட்டவோ கொடுப்பார்கள். எனவே பழைய காரைப் பற்றி வாயே திறக்காமல், “இந்த ரகம், இந்த நிறம், எல்லாக் கழிவும் போக என்ன விலை?” என்று முதலில் கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு பழைய காரைப் பற்றிச் சொல்லி இரண்டாவது விலையை வாங்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாலாயிரத்துக்குக் குறைந்தால், கார் நிறுவனம் போட வேண்டிய பங்கை உங்களுக்கு ஏற்கெனவே கிடைக்க வேண்டிய கழிவிலிருந்தே எடுத்துப் போடுகிறார்கள் என்று பொருள்.

உங்கள் பழைய கார் எது என்று எழுதவில்லை. அது நல்ல நிலையில் ஓடும் பெரோடுவா கெலிசாவாக இருந்தால் அழிக்கக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதைத் தேடிப் பிடித்து வாங்க ஆள் இருக்கிறது. சந்தையில் நாலாயிரத்துக்கு மேல் போகும் காரை இந்தத் திட்டத்தில் கொடுப்பவர் கைப்பணத்தை இழக்கிறார்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 850 காஞ்சில் ஒன்று புல் மண்டிக் கிடக்கிறது. பழைய இரும்பு எடுக்க வரும் தவுக்கே, “கிராண்ட் (காரின் பதிவுப் பத்திரம்) எல்லாம் வேண்டாம், 700 வெள்ளி தருகிறேன், இன்றைக்கே இழுத்துப் போகிறேன்” என்கிறார். புதிய கார் வாங்கும் எண்ணம் இல்லை. கொடுத்துவிடலாமா?
— தோட்டத் தொழிலாளி

பதில்: அவர் “கிராண்ட் வேண்டாம்” என்று சொன்னதே நீங்கள் வேண்டாம் என்று சொல்லப் போதுமான காரணம், தம்பி. கார் போய்விடும், ஆனால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜே.பி.ஜே.) பதிவில் அது உங்கள் பெயரில்தான் இருக்கும். அதன் எண் பலகையும் சேசிஸ் எண்ணும் வேறொரு வண்டிக்கு ஏறினால், சம்மன் வருவதும் போலீஸ் வருவதும் உங்கள் வீட்டுக்குத்தான்.

முறையான வழி ஒன்றும் பெரிய சிரமமில்லை. சுற்றுச்சூழல் இலாகாவின் உரிமம் பெற்ற வாகன அழிப்பு மையங்கள் இருக்கின்றன. அங்கே கொடுத்தால் அழிப்புச் சான்றிதழ் தருவார்கள், ஜே.பி.ஜே. பதிவு ரத்தாகும். இழுத்துப் போகும் முன் சேசிஸ் எண்ணையும் முன்னும் பின்னும் காரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு ரத்தானதற்கான ஆவணம் கையில் வரும் வரை கிராண்டின் நகலைத் தூக்கிப் போடாதீர்கள். விலை தவுக்கே சொன்னதைவிடக் குறைவாக இருக்கலாம், இருக்கட்டும். உரிமம் இல்லாத இடங்களில் என்ஜின் எண்ணெயும் பேட்டரி அமிலமும் நேரே வாய்க்காலுக்குப் போகின்றன. அவை இரண்டும் சட்டப்படி தனியாகக் கையாள வேண்டிய கழிவுகள்.

இன்னொன்றையும் கிராண்டில் பாருங்கள். கடன் கட்டி முடித்துப் பல ஆண்டு ஆகியும் வங்கியின் உரிமைக் கோரல் அதில் நீக்கப்படாமல் இருப்பது இந்தப் பக்கத்தில் சர்வசாதாரணம். கடைசித் தவணை கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். அதை நீக்காமல் காரை விற்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. வங்கியிடம் விடுவிப்புக் கடிதம் கேளுங்கள்.

கேள்வி: கார் இறந்துபோன அப்பாவின் பெயரில் இருக்கிறது. நான் கொடுத்து உதவியைப் பெற முடியுமா?
— சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: முதலில் காரை உங்கள் பெயருக்கோ குடும்பத்தில் ஒருவர் பெயருக்கோ கொண்டுவர வேண்டும். அப்பா விட்டுச் சென்றது கார், சேமிப்பு போன்ற அசையும் சொத்து மட்டும் என்றால் அமானா ராயா என்ற அரசு அறங்காவல் நிறுவனத்தை அணுகுங்கள். வீடு, நிலமும் இருந்தால் நில அலுவலகத்தில் மொத்தமாகவே மனுச் செய்யுங்கள். உடன்பிறந்தவர்கள் அனைவரின் சம்மதமும் தேவைப்படும். பழைய காருக்காக அண்ணன் தம்பி முகம் கொடுத்துப் பேசாமல் போன கதைகளும் இந்த ஊரில் உண்டு.

கேள்வி: இருபது ஆண்டுக்கு மேற்பட்ட கார்களை அரசு வலுக்கட்டாயமாக எடுத்துக்கொள்ளப் போகிறது என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி சுற்றுகிறது. உண்மையா? அப்படி இல்லையென்றால், அரசு எதற்காகத் தன் பணத்தைக் கொடுத்து என் பழைய காரை அழிக்கிறது?
— கல்லூரி மாணவர்

பதில்: முதல் பாதி பொய். இது விருப்பமுள்ளவர் சேரும் திட்டம், காரைக் கொடுக்காதவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. மக்கள் பயப்படுவதற்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. 2009 அக்டோபரில், 15 ஆண்டைத் தாண்டிய கார்கள் சாலை வரி புதுப்பிக்க ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அறிவித்தார்கள். நாடெங்கும் எழுந்த கூச்சலில் அது சில நாட்களிலேயே மீட்டுக்கொள்ளப்பட்டது. அதன் பிறகு பழைய காரைத் தொட எந்த அரசும் யோசிக்கிறது.

இரண்டாவது பாதி நல்ல கேள்வி. அதே 2009-இல், உலகப் பொருளாதாரம் சரிந்திருந்தபோது, மார்ச் மாத ஊக்கத் திட்டத்தில் நம் அரசு 10 ஆண்டு வயதான காரைக் கொடுத்துப் புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்குபவருக்கு 5,000 வெள்ளி அறிவித்தது. அப்போது வயது 10, தொகை 5,000. இப்போது வயது 20, தொகை 4,000. இடையில் கார் விலை இறங்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு பல நாடுகள் இதையே செய்தன. நோக்கம் ஒன்றுதான், கார் ஆலைகளில் வேலை போகாமல் காப்பது. காற்றுத் தூய்மை, சாலைப் பாதுகாப்பு எல்லாம் மேலே போட்ட துணி. ஜெர்மனி 9 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2,500 யூரோ கொடுத்து, மொத்தம் 500 கோடி யூரோ செலவழித்தது. அங்கே 2009-இல் சுமார் 38 லட்சம் புதிய கார்கள் பதிவாயின. திட்டம் முடிந்த அடுத்த ஆண்டில் அது சுமார் 29 லட்சமாக விழுந்தது. அடுத்த ஆண்டு வாங்க இருந்தவர்களில் பலர் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 300 கோடி டாலர் சில வாரங்களில் தீர்ந்தது. அங்கே கொடுத்த கார்களின் என்ஜினில் எண்ணெய்க்குப் பதில் ஒரு ரசாயனக் கரைசலை ஊற்றி, அது இறுகி நின்றுபோகும் வரை ஓடவிட்டார்கள், யாரும் திருட்டுத்தனமாக மறுபடி ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக. பிரிட்டன் 2,000 பவுண்டு கொடுத்தது. பாதி அரசு, பாதி கார் நிறுவனம். நம்முடைய இன்றைய திட்டம் அந்த வழியில் வந்தது.

ஆனால் இன்றைக்கு நம் கார் நிறுவனங்கள் 2009-இல் இருந்த நிலையில் இல்லை. 2024-இல் மலேசியாவில் 816,747 புதிய வாகனங்கள் விற்றன, அது அதுவரை இல்லாத உச்சம். அரசின் 1 கோடி வெள்ளியைத் தலைக்கு 2,000 என்று பிரித்தால் 5,000 கார்தான் வருகிறது. முழு நாலாயிரத்தையும் அரசே கொடுத்தால் 2,500. எப்படிப் பார்த்தாலும் ஓராண்டு விற்பனையில் ஒரு விழுக்காடு கூட இல்லை. விற்பனையைத் தூக்கி நிறுத்த இது போதாது, சாலையில் உள்ள பழைய கார்களைக் குறைக்கவும் போதாது. 2005-இல் வந்த பெரோடுவா மைவிகளே இப்போது இருபதைத் தாண்டிவிட்டன, அவற்றுக்கே இந்தப் பணம் காணாது. எப்படியும் புதிய கார் வாங்க இருந்த சிலருக்கு இது ஒரு தள்ளுபடி, அதற்கு மேல் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தச் சிலரில் நீங்கள் ஒருவர் என்றால், ஒதுக்கீடு தீரும் முன் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: விலை குறைந்த பெரோடுவா அக்சியா எடுக்க நினைக்கிறேன். பழைய காரில் எனக்கு 55 விழுக்காடு என்.சி.டி. இருக்கிறது. காரை அழித்தால் அதுவும் போய்விடுமா?
— பாதுகாவலர்

பதில்: போகாது. இழப்பீடு கோராமல் ஓட்டியதற்கான அந்தக் கழிவு உங்களுடையது, காருடையது அல்ல. பழைய காரின் காப்புறுதியை நிறுத்தும்போதே புதிய காருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். முதல் ஆண்டுக் காப்புறுதியில் பாதிக்கு மேல் குறையும். விற்பனையாளர் தாமாகவே எடுத்துத் தரும் காப்புறுதியில் இது சேர்ந்திருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.

22,000 வெள்ளிக்கு 2023-இல் அறிமுகமான அக்சியாவைத்தான் சொல்கிறீர்கள் என்றால், அது கியர் மாற்றி ஓட்டும் வண்டி. ஆயிரம் சிசிக்குள் இருப்பதால் சாலை வரி 20 வெள்ளிதான். நாலாயிரமும் கழிந்தால் வேறெந்தப் புதிய காரும் பக்கத்தில் வர முடியாது. வீட்டில் வேறு யாரும் ஓட்டுவதாக இருந்தால் அவர்களுடைய உரிமத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். ‘டிஏ’ என்று போட்டிருந்தால் தானியங்கிக் கார் மட்டுமே ஓட்டலாம், இந்த வண்டியைத் தொட முடியாது.