வயோலா தனிக் கலைஞராக வாழ முடியுமா?

கேள்வி: வயலினில் தொடங்கி, அதைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுடைய வயோலாவுக்கு மாறியவள் நான்; விரைவில் இசைக் கல்லூரிப் படிப்பை முடிக்கப்போகிறேன். தனிக் கலைஞராக வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் நண்பர்களுடன் நடத்தும் நால்வர் குழுவும் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ), நெருங்கிவரும் ஆர்கெஸ்ட்ராத் தேர்வும் என் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. எதை விடுவது?

பதில்: நால்வர் குழுவை மட்டும் விடாதீர்கள். மூன்றில் ஒன்றைக் கைவிட்டே தீர வேண்டும் என்று நீங்கள் எண்ணுவதற்குக் காரணம், வயலின் கலைஞர்களின் வாழ்க்கையை அளவுகோலாகக் கொண்டிருப்பதுதான் என்று தோன்றுகிறது. போட்டியில் வென்று, புகழ்பெற்ற கன்செர்ட்டோக்களை (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனிக் கருவி வாசிக்கும் படைப்புகளை) ஊர் ஊராக வாசிக்கும் அந்தப் பாதை வயோலாவுக்கு மிகக் குறுகியது. ஆர்கெஸ்ட்ராக்கள் வயோலாக் கலைஞரைத் தனி வாசிப்புக்கு அழைப்பது அரிது, அழைத்தாலும் கேட்கும் படைப்புகள் சிலவே.

புகழ்பெற்ற வயோலாக் கலைஞர் வில்லியம் ப்ரிம்ரோஸும் உங்களைப் போல வயலினில் தொடங்கியவர்தான். 1930களின் முதற்பாதியில் லண்டன் நால்வர் குழுவில் வயோலா வாசித்த அவர், பின்னர் இசை நடத்துநர் டோஸ்கானினி நடத்திய, அமெரிக்க வானொலி நிறுவனமான என்.பி.சி.யின் ஆர்கெஸ்ட்ராவில் அமர்ந்தார், தனிக் கலைஞராக முழுமூச்சுடன் இறங்கியது அதற்குப் பிறகே. இசையமைப்பாளர் பேலா பார்டோக்கிடம் வயோலாக் கன்செர்ட்டோ ஒன்றைக் கேட்டுப் பெற முயன்றவரும் அவரே. 1945இல் பார்டோக் இறந்தபோது வரைவுகளாகக் கிடந்த அந்தப் படைப்பை டிபோர் ஷெர்லி நிறைவுசெய்ய, 1949இல் ப்ரிம்ரோஸ் அதை அரங்கேற்றினார். அவருக்கு முந்தைய தலைமுறையின் வயோலாக் கலைஞர் லயனல் டெர்டிஸோ, தம்மை மனத்தில் வைத்து இசையமைப்பாளர் வால்டன் எழுதிய கன்செர்ட்டோவை முதலில் மறுத்துவிட்டார். 1929இல் அதை அரங்கேற்றும் வாய்ப்பு, நால்வர் குழுவில் வயோலா வாசித்துப் பழகிய இசையமைப்பாளர் பால் ஹிண்டமித்துக்குப் போயிற்று. (டெர்டிஸ் பின்னாளில் மனம் மாறி அதை வாசித்தார் என்பது வேறு.) வயோலாவுக்கான படைப்புகள் சிலவே என்பதால் புதியவற்றைக் கேட்டுப் பெறுவதும் உங்கள் வேலைதான். ஆகவே, உங்கள் கல்லூரியில் இசையமைப்புப் பயிலும் ஒருவரிடம் பத்து நிமிடப் படைப்பு ஒன்றை இப்போதே கேளுங்கள்.

நால்வர் குழுவால் இன்னொரு பயனும் உண்டு. மொஸார்ட்டின் ஆறு தந்தி ஐவர் இசைகளுக்கும் பிராம்ஸின் இரண்டுக்கும் இரண்டாவது வயோலா தேவை. நிலைபெற்ற குழுக்கள் அதற்கு வெளியிலிருந்துதான் ஒருவரை அழைக்கும். ஓரிரு ஒத்திகைகளிலேயே பிறருடைய வில்வீச்சோடும் சுருதியோடும் இணங்கிவிடுபவரையே அவர்கள் மீண்டும் அழைப்பார்கள். அந்த இணக்கம் தனியறைப் பயிற்சியில் வராது. விழாக்களில் உங்கள் பெயர் பரவுவதும் பெரும்பாலும் இவ்வழியில்தான்.

வருமானத்தைப் பற்றி நேராகச் சொல்வதானால், நால்வர் குழுவின் ஊதியம் நான்காகப் பிரிகிறது, அதில் பயணச் செலவும் அடங்கும். பெயர்பெற்ற வயோலாக் கலைஞர்களில் பலர் கற்பித்தலையும் தொழிலின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். எனவே ஆர்கெஸ்ட்ராத் தேர்வுக்குச் செல்லுங்கள். பெரும்பாலும் அங்கே கேட்கப்படும் ஹாஃப்மைஸ்டர் அல்லது ஷ்டாமிட்ஸ் எழுதிய வயோலாக் கன்செர்ட்டோவின் தயாரிப்பு எப்படியும் வீணாகாது. இடம் கிடைத்தால், கையெழுத்திடுமுன் வெளிநிகழ்ச்சிகளுக்கு ஊதியமில்லா விடுப்பு உண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விடுப்பே தராத ஆர்கெஸ்ட்ராவானால், என் கருத்தில், அதைத் தவிர்த்துவிட்டு மாணவர்களுக்குக் கற்பித்தபடி குழுவைத் தொடர்வதே உங்கள் விருப்பத்துக்கு நெருக்கமானது.

கருவியைப் பற்றியும் ஒன்று. வயோலாவுக்கு வயலினைப் போல நிலையான அளவு கிடையாது. அரங்கை நிரப்பும் ஒலிக்காகப் பெரிய கருவியை நாடும் ஆசை இயல்பே. ஆயினும் தோளும் இடக்கையும் வலிக்கத் தொடங்கினால் சிறியதற்கு மாறத் தயங்காதீர்கள்.