பட்டா யார் பேரில்?

கேள்வி: ஹவாயில் ஓட்டல்காரர்கள் கைக்குப் போகாமல் காப்பதற்காக, மக்கள் வரிப்பணத்தில் நிலங்களை வாங்கித் திறந்தவெளியாகவே விட்டுவைக்கிறார்களாம். நல்ல காரியம்தானே? பூர்வகுடிகளில் ஒரு சாரார் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? எதற்கும் குறை சொல்வதே பழக்கமாகிவிட்டதா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: கடைசி வரியை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். சரி, எழுதிவிட்டீர்கள்.

திட்டத்தில் குறையில்லை. 2006-ல் ஹொனலுலு வாக்காளர்கள் சொத்து வரியில் அரை சதவீதத்தை இதற்கென்று ஒதுக்கச் சம்மதித்தார்கள். அதே ஆண்டு, மாநிலத்தின் பெயரையே தாங்கிய பெரிய தீவான ஹவாய் தீவுக்காரர்கள் இரண்டு சதவீதத்துக்கே சம்மதித்தார்கள். வரியை எடுத்துக்கொள் என்று ஓட்டுப் போடும் ஊரை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் 'திறந்தவெளி' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. நிலத்துக்குப் பூர்வகுடிகள் மொழியில் 'ஆயினா' என்று பெயர், சோறு போடுவது என்று பொருள். மேலே காடு, நடுவில் சேப்பங்கிழங்கு வயல், கீழே மீன்குளம் என்று மலையிலிருந்து கடல் வரை ஒரே துண்டாக வைத்துப் பிழைத்த ஜனம் அது. அந்த மண்ணைக் காலி மனை மாதிரி பேசினால் கோபம் வராதா?

அப்புறம், யாருடைய நிலத்தை யார் யாருக்கு விற்கிறார்கள் என்று பாருங்கள். 1848-ல், ஹவாய் தனி நாடாக அரசர் ஆண்ட காலத்திலேயே 'மாஹெலே' என்று ஒரு பங்கீடு நடந்தது, சாதாரணக் குடிகளுக்குக் கடைசியில் கிடைத்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1893-ல் ராணி லிலியுவோகலானியைக் கவிழ்த்தார்கள், 1898-ல் அமெரிக்கா தீவுகளைச் சேர்த்துக்கொண்டபோது அரச நிலமும் அரசாங்க நிலமுமாகச் சுமார் 18 லட்சம் ஏக்கர், அந்த மக்களைக் கேட்காமல், அவர்களுக்குக் காலணா கொடுக்காமல் கைமாறியது. இதைச் சொல்வது நானில்லை, 1993-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டுப் போட்ட தீர்மானமே சொல்கிறது. மன்னிப்புதான் கேட்டார்கள், நிலத்தைத் தரவில்லை.

ஹவாய் தீவின் பூனா மாவட்டத்தில் வாவோ கேலே என்ற மழைக்காடு, 25,000 ஏக்கருக்கு மேல். அந்த 18 லட்சத்தில் சேர்ந்ததுதான். 1980-களில் மாநில அரசு அதை ஒரு தனியார் எஸ்டேட்டிடம் கொடுத்து வேறு நிலத்தை மாற்றிக்கொண்டது. எரிமலைச் சூட்டில் மின்சாரம் எடுக்கிறோம் என்று காட்டுக்குள் துளை போட வந்தார்கள். எரிமலைத் தெய்வமான பெலேயின் உடம்பில் துளை போடுவதா என்று பூர்வகுடிகள் மறித்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் 2006-ல் அதே காட்டைச் சுமார் 36 லட்சம் டாலர் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. களவுபோன பசுவைச் சந்தையில் காசு கொடுத்து ஓட்டிவந்த கதைதான், பெரும்பாலும் மத்திய அரசுப் பணம் என்பது ஒரு ஆறுதல். ஆனால் பட்டா, பூர்வகுடிகள் நலனுக்கென்றே உள்ள ஹவாயர் விவகார அலுவலகத்தின் பேரில் எழுதப்பட்டது, அது முக்கியம். ஹொனலுலு இருக்கும் ஒவாஹு தீவின் வைமேயா பள்ளத்தாக்கும் அப்படித்தான். தலைமைப் பூசாரிகள் வாழ்ந்த இடம் அது. அதைத் துண்டு போட நடந்த பேரத்தை ஊர்மக்கள் திரண்டு வந்து கலைத்தார்கள். நகராட்சி, ராணுவம், பறவைப் பாதுகாப்புச் சங்கம் என்று பலர் சேர்ந்து 1.4 கோடி டாலர் போட்டாலும் உரிமை அந்த அலுவலகத்துக்கே போனது.

எனக்கு அங்கே ஓட்டு இருந்தால் இந்த மாதிரி கொள்முதலுக்கெல்லாம் இரண்டு கையையும் தூக்குவேன். நகராட்சி பேரில் வாங்கி, வேலி போட்டு, நடைபாதை அமைத்து, பரம்பரையாக மூலிகையும் இலையும் பறிக்கப் போகிறவரை வாசலில் நிறுத்தி அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்கிற 'பாதுகாப்பு' என்றால் கை தூக்க மாட்டேன். அந்தப் பறிக்கும் உரிமை 1978 முதல் மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று. பாதி ஹவாய் ரத்தமாவது இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு மனை தருவோம் என்று 1921-ல் சட்டம் போட்டார்கள். 28,000 பேருக்கு மேல் அந்தப் பட்டியலில் காத்திருக்கிறார்கள், காத்திருந்தே செத்துப்போனவர்களும் உண்டு. காட்டுக்குப் பணம் இருக்கிறது, எங்கள் வீட்டுக்கு இல்லையா என்று அவர்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், குறை சொல்வதே பழக்கம் என்று உங்களால் பதில் சொல்ல முடியுமா?